இடைக்கால ஐரோப்பாவின் சமூகச் சொற்களையும் திருச்சபைச் சொற்களையும் கற்கும் முறை

1157 அக்டோபரில் பேரரசர் ஃபிரடெரிக் பார்பரோசா பெசான்சோன் நகரில் அவை கூட்டியிருந்தபோது, திருத்தந்தை (போப்) நான்காம் அட்ரியனின் தூதர்கள் இருவர் ஒரு மடலுடன் வந்து சேர்ந்தனர். லத்தீனில் எழுதப்பட்டிருந்த அந்த மடலைப் பேரரசரின் தலைமைச் செயலர் ரைனால்ட், ஜெர்மானியப் பிரபுக்களுக்கு விளங்கும்படி அவர்கள் மொழியில் பெயர்த்துச் சொன்னார். பேரரசருக்கு இதைவிடப் பெரிய ‘பெனிஃபிகியா’க்களை அளித்திருந்தாலும் தாம் மகிழ்ந்தே இருப்போம் என்று திருத்தந்தை அதில் எழுதியிருந்தார். அச்சொல்லை ரைனால்ட் ‘மானிய நிலம்’ என்ற பொருளில் பெயர்த்தார். அப்படியானால் பேரரசே திருத்தந்தை கொடுத்த மானியம், பேரரசர் அவருக்குக் கீழ்ப்பட்ட ஆள் என்று ஆகிவிடும். அவை கொதித்தது, ஒரு பிரபு வாளை உருவித் தூதர்களை நெருங்கினார் என்றும், பேரரசரே குறுக்கிட்டு அவர்கள் உயிரைக் காத்தார் என்றும் அக்காலக் குறிப்பு கூறுகிறது. மறு ஆண்டு திருத்தந்தை விளக்கம் அனுப்பினார்: தாம் குறித்தது ‘நன்மை’ மட்டுமே, நிலத்தைக் குறிக்கவில்லை.

லத்தீனில் தேர்ந்தவர்களே இப்படி மோதிக்கொண்ட ஒரு சொல்லை, “பெனிஃபிகியம் என்றால் மானியம்” என்று ஒற்றை வரியில் எழுதி மனப்பாடம் செய்கிற மாணவர் எங்கே போய் நிற்பார் என்று எண்ணிப் பாருங்கள். இடைக்கால ஐரோப்பாவின் கலைச்சொற்களில் பெரும்பாலானவை பொருள்களின் பெயர்கள் அல்ல. இரண்டு பேருக்கு இடையிலான உறவின் பெயர்கள். எனவே இணைச்சொல் பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஏட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுமாறு பரிந்துரைக்கிறேன். இச்சொல் யாரைக் குறிக்கிறது? அவர் யாருக்கு எதைச் செய்யக் கடமைப்பட்டவர்? கைம்மாறாக அவருக்குக் கிடைப்பது என்ன? கடமை தவறினால் என்ன நேரும்? இந்த நான்கும் நிரம்பிவிட்டால் தமிழில் எந்தச் சொல்லை இடுவது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

அக்காலத்தவர் சொன்னவையும் பிற்காலத்தவர் இட்டவையும்

கேள்விகளுக்குள் போகுமுன் ஒரு சலிப்பு வேலை இருக்கிறது. பாடநூலில் வரும் சொற்களில், அந்த மக்களே தம் வாயால் சொன்னவை எவை, பின்னால் வந்தவர்கள் ஒட்டிய பெயர்கள் எவை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ‘இடைக்காலம்’ என்பதே ஒட்டப்பட்ட பெயர்தான். ரோமப் பேரரசின் மேற்குப் பகுதி 476இல் வீழ்ந்ததிலிருந்து ஏறத்தாழ 1500 வரையிலான ஆயிரம் ஆண்டுகளைத் தமது காலத்துக்கும் பழம்பெருமைக்கும் இடைப்பட்ட வெறும் இடைவெளியாகக் கருதிய மறுமலர்ச்சிக்கால அறிஞர்களின் பார்வை அதில் ஒட்டியிருக்கிறது.

‘நிலமானிய முறை’, ‘நிலப்பிரபுத்துவம்’ என்று நாம் மொழிபெயர்க்கும் சொல்லும் அத்தகையதே. மானிய நிலத்தைக் குறித்த ‘ஃபியூடம்’ என்ற லத்தீன் சொல் பழையது. ஆனால் அதிலிருந்து ஒரு முழுச் சமூக அமைப்புக்குப் பெயர் சமைத்தவர்கள் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த சட்ட அறிஞர்களும் சிந்தனையாளர்களும் ஆவர். 1789 ஆகஸ்டில் பிரெஞ்சு தேசிய சபை அந்த அமைப்பை முற்றிலும் ஒழிப்பதாகத் தீர்மானித்தபோது, அச்சொல் அரசியல் வசையாகவே மாறியிருந்தது. இன்றைய வரலாற்றாசிரியர்களில் பலர், இங்கிலாந்துக்கும் சிசிலிக்கும் ஜெர்மனிக்கும் பொருந்தும் ஒரே அமைப்பு இருந்ததில்லை என்று கூறி, அச்சொல்லைத் தவிர்க்கவே விரும்புகின்றனர். தேர்வு எழுதுபவர் அதைத் தவிர்க்க இயலாது; ஆயினும் அது ஒரு சுருக்கக் குறி என்பதை மறவாமல் பயன்படுத்த வேண்டும்.

‘சிலுவைப் போர்’ மூன்றாவது உதாரணம். 1095இல் கிளேர்மோன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் திருத்தந்தை இரண்டாம் உர்பான் விடுத்த அழைப்பை ஏற்றுக் கிழக்கே போனவர்கள் தம் செயலைப் ‘பயணம்’ என்றும் ‘திருப்பயணம்’ என்றும் குறிப்பிட்டார்கள். ஆடையில் சிலுவையைத் தைத்துக்கொண்டவர் என்பதே அதில் சேர்ந்தவருக்கு வழங்கிய பெயர். போருக்கென்று தனிப்பெயர் பின்னரே நிலைத்தது.

‘ஆள்’ ஆவதும் மானியம் பெறுவதும்

மேல்தட்டில் முதலில் கற்க வேண்டிய சொல் வஸ்ஸல். சிலர் இதை ‘வாசல்’ என்று எழுதுகிறார்கள். வாக்கியத்தின் நடுவே வீட்டு வாசல் வந்து நிற்பதால் நான் அப்படி எழுதுவதில்லை. ‘அடிமை’, ‘குடியானவர்’ என்ற பெயர்ப்புகள் அதைவிடக் கேடானவை. வஸ்ஸல் என்பவர் குதிரையும் ஆயுதமும் உடைய சுதந்திர மனிதர். பல வேளைகளில் அவரே பெரிய பிரபு. நார்மண்டியின் கோமகன் பிரெஞ்சு அரசருக்கு வஸ்ஸல்; அதே கோமகன் 1066க்குப் பின் இங்கிலாந்தின் அரசரும்கூட. ஆகவே வஸ்ஸல் என்பது ஒரு வகுப்பின் பெயரன்று. குறிப்பிட்ட ஒரு மனிதரை நோக்கி ஒருவர் நிற்கும் நிலையின் பெயர் அது.

அந்த நிலையை உண்டாக்கும் சடங்குகள் மூன்று. மூன்றுக்கும் தனித்தனிப் பெயர்கள். முதலாவது ஹோமேஜ். வஸ்ஸல் ஆகப்போகிறவர் வாளைக் களைந்து, தலையணி நீக்கி, முழந்தாளிட்டுத் தம் குவித்த கைகளைப் பிரபுவின் கைகளுக்கு இடையே வைத்து, “நான் உம்முடைய ஆள்” என்ற பொருள்படச் சொல்வார். மனிதன் என்று பொருள்படும் ‘ஹோமோ’ என்ற லத்தீன் சொல்லே இதன் வேர். “அவர் இன்னாருடைய ஆள்” என்று நாம் சொல்லும்போது அந்த ‘ஆள்’ எதைக் குறிக்கிறதோ, ஏறத்தாழ அதையே இதுவும் குறிப்பதால், ‘ஆளாகும் சடங்கு’ என்று பெயர்ப்பது ‘மரியாதை செலுத்துதல்’ என்பதைவிட எவ்வளவோ பொருத்தம். இரண்டாவது ஃபியால்ட்டி, அதாவது நம்பிக்கை உறுதிமொழி. இது நற்செய்தி நூலின் மீதோ புனிதரின் திருப்பண்டத்தின் (எலும்பு முதலிய எச்சத்தின்) மீதோ கைவைத்துச் செய்யப்படுவது. மூன்றாவது இன்வெஸ்டிச்சர்: பிரபு ஒரு மண்ணாங்கட்டியையோ கோலையோ கொடியையோ வஸ்ஸலின் கையில் கொடுத்து, நிலத்தை ஒப்படைத்ததற்கு அடையாளம் காட்டுவார். இந்த மூன்றாவது சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருச்சபைப் பகுதியில் மீண்டும் வரும்.

இரண்டாம் கேள்விக்கு, அதாவது கடமைக்கு, மிகத் தெளிவான விடை ஒரு ஆயரிடமிருந்தே (பிஷப்பிடமிருந்தே) கிடைக்கிறது. அக்குவித்தேன் கோமகன் கேட்டதற்கிணங்க, ஷார்த்ர் ஆயர் ஃபுல்பெர்ட் 1020ஆம் ஆண்டளவில் எழுதிய மடலில், வஸ்ஸல் தம் பிரபுவின் உடலுக்குத் தீங்கு செய்யலாகாது, அவரது இரகசியங்களையும் கோட்டைகளையும் காட்டிக்கொடுக்கலாகாது, அவருக்குரிய நீதிக்கும் உடைமைக்கும் கேடு விளைவிக்கலாகாது என்றெல்லாம் அடுக்கிவிட்டு, தீங்கு செய்யாமல் இருப்பது மட்டும் போதாது, அறிவுரையும் உதவியும் தர வேண்டும் என்கிறார். பிரபுவும் இதே கடமைகளைத் திருப்பிச் செய்யாவிட்டால் நம்பிக்கைத் துரோகியே என்று அவர் முடிப்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். ‘உதவி’ என்பது நடைமுறையில் படைப்பணி. அதற்குப் பல இடங்களில் ஆண்டுக்கு 40 நாட்கள் என்ற வழக்கு இருந்தது. ‘அறிவுரை’ என்பது பிரபுவின் அவைக்கு வந்து அமர்வது. கைம்மாறாகக் கிடைப்பது ஃபீஃப் என்னும் மானியம்; பெரும்பாலும் நிலம், சில வேளைகளில் ஒரு சுங்கச்சாவடியின் வருவாய்கூட. கடமை தவறினால் அந்த மானியம் பறிபோகும். இன்றைய செய்தித்தாளில் ‘மானியம்’ என்பது அரசு தரும் விலைச்சலுகையைக் குறிப்பதால், ‘பணிக்கு ஈடாகப் பெற்ற நிலம்’ என்று ஒருமுறையாவது விரித்து எழுதிவிட்டுப் பிறகு ‘மானியம்’ என்று சுருக்குவது நல்லது.

நைட் எனப்படும் குதிரைவீரர் என்பது இந்த உறவின் பெயரன்று. தொழிலும் தகுதியும் சேர்ந்த பெயர். மானியமே இல்லாத நைட்டுகள் பிரபுவின் வீட்டில் உண்டு வாழ்ந்தனர்.

நிலத்தோடு கட்டுண்டவர்

மேலே உள்ள உறவு சுதந்திர மனிதர்களுக்கு இடையிலானது. அதற்குக் கீழே, மக்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்ந்த உழவர் உலகின் சொற்கள் வேறு. இரண்டையும் ஒரே ஏணியின் படிகளாக வரைந்து காட்டும் முக்கோணப் படம் மாணவர்களைக் கெடுத்த அளவுக்கு வேறெதுவும் கெடுத்ததில்லை என்பது என் கருத்து. உழவர் யாரும் ஹோமேஜ் செய்து மானியம் பெற்ற சிறு வஸ்ஸல் அல்லர்.

செர்ஃப் என்ற சொல் ‘செர்வுஸ்’ என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. பழைய ரோமில் அதற்கு அடிமை என்றே பொருள். இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் எடுப்பித்த 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்கிலும் ‘செர்வுஸ்’ என்று குறிக்கப்பட்டவர்கள் அடிமைகளே. பதிவான மக்களில் அவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பின்னர் அடிமைமுறை தேய்ந்து, அதே வேர்ச்சொல் பிரான்சு முதலிய இடங்களில் கட்டுண்ட உழவரைக் குறிக்கத் தொடங்கியது. அடிமையைக் குறிக்கவோ, சந்தைகளுக்குப் பிடித்துக் கொண்டுவரப்பட்ட ஸ்லாவ் இனத்தாரின் பெயரிலிருந்து ஒரு புதுச்சொல் பிறந்தது. ஆங்கிலத்தின் ‘ஸ்லேவ்’ அதிலிருந்து வந்ததே. எனவே லத்தீன் ஆவணத்தில் ‘செர்வுஸ்’ என்று கண்டால், ஆண்டைப் பார்க்காமல் பெயர்க்கக் கூடாது.

செர்ஃபைப் ‘பண்ணையடிமை’ என்று பெயர்ப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதில் ‘அடிமை’ இருப்பதால் வேறுபாட்டை ஏட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அடிமையைத் தனியே விற்கலாம். செர்ஃபோ பொதுவாக நிலத்தோடு சேர்ந்தே கைமாறுவார். அவருக்குக் குடிசையும் துண்டுநிலமும் குடும்பமும் உண்டு. வழக்கப்படி தந்தையின் நிலம் மகனுக்குப் போகும். ஆனால் அனுமதியின்றி ஊரைவிட்டுப் போக முடியாது. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் பிரபுவின் சொந்தப் பண்ணையில் கூலியின்றி உழைக்க வேண்டும். அறுவடையின்போது கூடுதல் நாட்கள். மகளுக்குத் திருமணம் செய்யப் பணம் கட்ட வேண்டும். குடும்பத் தலைவர் இறந்தால் வீட்டின் சிறந்த கால்நடை பிரபுவுக்குப் போகும். பிரபுவின் ஆலையில்தான் மாவரைக்க வேண்டும், பல இடங்களில் அவருடைய அடுப்பில்தான் ரொட்டி சுட வேண்டும், அதற்கும் கட்டணம். இங்கிலாந்தில் இத்தகையவரை வில்லன் என்றார்கள். பண்ணைவீட்டைக் குறித்த ‘வில்லா’விலிருந்து வந்த சொல். நாட்டுப்புறத்தான் என்ற இழிவு ஏறி ஏறி, இன்று கதைகளில் தீயவனைக் குறிக்கும் ‘வில்லன்’ ஆனதும் இதே சொல்தான்.

மேனர் என்பதைக் ‘கிராமம்’ என்று எழுதிவிடாதீர்கள். அது பிரபுவின் உரிமை செல்லும் எல்லை. ஒரே கிராமத்தில் இரண்டு மேனர்கள் இருக்கலாம். ஒரு மேனர் மூன்று கிராமங்களில் சிதறியும் கிடக்கலாம். அதற்குள் பிரபு தமக்கென வைத்துக்கொண்ட நிலம் ஒருபுறம், உழவர்களின் துண்டுகள் மறுபுறம்.

இந்தக் கட்டுகள் தளர்ந்ததற்குக் காரணங்கள் பல. 1347 முதல் 1351 வரை பரவிய கொள்ளைநோய் ஐரோப்பிய மக்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினரை அழித்தபின் உழைக்கும் கைகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதும், கூலியைப் பழைய அளவில் நிறுத்த 1351இல் இங்கிலாந்து சட்டம் இயற்றியதும், 1381இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்ததும் அவற்றுள் அடங்கும். கிழக்கு ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறாகக் கட்டுகள் பிற்காலத்தில்தான் இறுகின. ரஷ்யாவில் 1861 வரை நீடித்தன. ஆகவே ‘செர்ஃப்’ என்ற பக்கத்தில் இடத்தையும் காலத்தையும் குறிக்காமல் எதையும் எழுத வேண்டாம்.

மூன்று வகுப்பில் அடங்காத நகரம்

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லான் ஆயர் அடல்பெரோ, கடவுளின் இல்லம் ஒன்றெனத் தோன்றினாலும் அதில் செபிப்போர், போரிடுவோர், உழைப்போர் என மூவகையினர் உண்டு என்று பாடினார். எல்லாப் பாடநூல்களிலும் இந்த மூன்று வகுப்புகள் உண்டு. இது எண்ணிப் பார்த்து எழுதிய கணக்கன்று. ஓர் ஆயர் விரும்பிய ஒழுங்கு. வணிகருக்கும் கைவினைஞருக்கும் அதில் இடமே இல்லை என்பதைப் பாருங்கள்.

நகரச் சொற்கள் எளியவை. சார்ட்டர் என்பது அரசரோ பிரபுவோ நகரத்துக்கு அளித்த உரிமைப் பட்டயம். அதனால் உரிமை பெற்றவர் பர்ஜெஸ். நகரில் குடியிருந்த அனைவரும் பர்ஜெஸ் அல்லர். ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் நகரில் வாழ்ந்த செர்ஃப் சுதந்திரம் பெறுவார் என்ற வழக்கு பல நகரங்களில் இருந்தது. கில்டு என்பதைச் ‘சங்கம்’ எனலாம், ஆனால் தொழிலாளர் சங்கத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது; அது முதலாளிகளான கைத்தொழில் ஆசான்களின் அமைப்பு, விலையையும் தரத்தையும் தொழிலில் நுழைவோரையும் அதுவே கட்டுப்படுத்தியது. ஆசானாக விரும்புபவர் முதலில் பயிலாளராகவும், பிறகு நாட்கூலி பெறும் தொழிலாளராகவும் பல ஆண்டுகள் கழித்து, தம் திறமைக்குச் சான்றாக ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும். பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் ‘உனிவெர்சித்தாஸ்’ என்ற சொல்லும் முதலில் இத்தகைய எந்தக் குழுமத்தையும் குறித்ததே. பாரிசில் ஆசிரியர்களும் பொலோஞாவில் மாணவர்களும் அப்படிக் குழுமினார்கள்.

திருச்சபையின் மனிதர்கள்

திருச்சபைச் சொற்களுக்குத் தமிழில் நாம் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. தமிழ்க் கத்தோலிக்கர் வழிபாட்டில் நெடுங்காலமாக வழங்கும் சொற்கள் துல்லியமானவை: திருத்தந்தை, கர்தினால், பேராயர், ஆயர், பங்குத்தந்தை, மறைமாவட்டம், திருப்பலி, அருட்சாதனம். பொதுத்தமிழில் எழுதுபவர்கள் இவற்றை அறியாமல் ‘தலைமைப் பாதிரி’, ‘மாவட்டப் பாதிரி’ என்று உருவாக்குவது வாசகரை அலைக்கழிக்கும்.

ஆயினும் ஒரு பொறி இருக்கிறது. இடைக்காலக் குருக்கள் இரு பிரிவினர். உலகத்தின் நடுவே, பங்குகளில் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள ஊர்ப்பகுதிகளில்) மக்களோடு வாழ்ந்தவர்கள் ‘செக்குலர்’ குருக்கள்; உலகம் என்று பொருள்படும் ‘செகுலும்’ இதன் வேர். ஒரு சபையின் ஒழுங்குவிதியை ஏற்று வாழ்ந்தவர்கள் ‘ரெகுலர்’. விதி என்று பொருள்படும் ‘ரெகுலா’ இதன் வேர். முன்னதை அகராதி பார்த்து ‘மதச்சார்பற்ற குருக்கள்’ என்றும், பின்னதை ‘வழக்கமான குருக்கள்’ என்றும் பெயர்த்தால் எவ்வளவு வேடிக்கையாகிறது பாருங்கள். மறைமாவட்டக் குருக்கள், துறவற சபைக் குருக்கள் என்பவையே சரியானவை.

துறவிகளிலும் இரு வகை. மங்க் என்பவர் ஒரே மடத்தில் இறுதிவரை தங்கும் வாக்கு கொடுத்தவர். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்குவிதி, இரவும் பகலுமாகப் பங்கிட்ட செபவேளைகளுக்கும் உடலுழைப்புக்கும் அவர்களைக் கட்டுப்படுத்தியது. 910இல் நிறுவப்பட்ட குளூனி மடமும், 1098இல் எளிமையைத் தேடித் தொடங்கிய சீத்தோ மடமும் இதே விதியைப் பின்பற்றியவை. மடத்தின் தலைவர் அபட். தந்தை என்று பொருள். ஃப்ரையர் என்பவர் 13ஆம் நூற்றாண்டில் தோன்றியவர்; நகரத் தெருக்களில் போதித்து, இரந்து உண்டவர். அசிசி பிரான்சிசின் சபையினரும் தோமினிக்கின் சபையினரும் இவ்வகை. ‘துறவி’ என்று இருவரையும் ஒன்றாக எழுதினால், நிலவுடைமை மிக்க மடத்துக்கும் கையில் காசு தொடாதவருக்கும் இடையே நடந்த விவாதங்கள் எதுவும் புரியாது.

கதீட்ரலைப் ‘பேராலயம்’ என்று பெயர்ப்பதால், பெரிய கோவிலெல்லாம் கதீட்ரல் என்ற எண்ணம் உண்டாகிறது. ‘கதெத்ரா’ என்றால் இருக்கை. ஆயரின் இருக்கை எங்கே உள்ளதோ அதுவே கதீட்ரல், கட்டடம் எவ்வளவு சிறிதானாலும். ரோமின் கதீட்ரல் புனித பேதுரு ஆலயம் அன்று. லாத்தரன் புனித யோவான் ஆலயமே.

அருளும் தண்டனையும்

இறையருளைத் தரும் சடங்குகளான அருட்சாதனங்கள் ஏழு என்ற எண்ணிக்கை 12ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது: திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், பகுத்தறியும் வயதடைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் பங்குக்குருவிடம் பாவ அறிக்கை செய்து, பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தில் நற்கருணை பெற வேண்டும் என்று விதித்தது. மீட்புக்கு வழி இவை என்று மக்கள் நம்பினார்கள். ஆகவே இவற்றை நிறுத்தி வைப்பதே திருச்சபையின் ஆயுதம் ஆயிற்று. எக்ஸ்கம்யூனிகேஷன், அதாவது திருச்சபை விலக்கம், தனிமனிதர் மீது விழுவது. இன்டர்டிக்ட், அதாவது வழிபாட்டுத் தடை, ஓர் ஊர் மீதோ நாடு முழுவதின் மீதோ விழுவது. ஆட்சியாளரின் பிழைக்காகக் குற்றமற்ற மக்களும் ஆலயமணி கேளாமல் வாழ்வார்கள்.

நம் பாடநூல்களில் மிக மோசமாகப் பெயர்க்கப்பட்ட சொல் இன்டல்ஜென்ஸ். ‘பாவமன்னிப்புச் சீட்டு’ என்று எழுதிப் பழகிவிட்டோம். திருச்சபையின் போதனைப்படி பாவத்தின் குற்றத்தை ஒப்புரவு அருட்சாதனம் நீக்குகிறது. ஆனால் அதன்பின்னும் தீர்க்க வேண்டிய தண்டனைக்கடன் எஞ்சுகிறது, அதை இவ்வுலகில் தவச்செயலாலோ மறுமையில் உத்தரிக்கும் தலத்திலோ தீர்க்க வேண்டும். அந்த எஞ்சிய தண்டனையைக் குறைப்பதே இன்டல்ஜென்ஸ். தமிழ்க் கத்தோலிக்கர் இதைப் ‘பலன்’ என்றும், முழுமையானதைப் ‘பரிபூரண பலன்’ என்றும் சொல்கின்றனர். 1095இல் எருசலேம் செல்வோருக்கும், 1300இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் அறிவித்த யூபிலி ஆண்டில் ரோமுக்கு வந்தோருக்கும் அது சீட்டின்றியே கிடைத்தது. பணத்துக்குச் சீட்டு வழங்கும் வழக்கம் பின்னர் பெருகி, 1517இல் மார்ட்டின் லூதரின் கண்டனத்துக்கு இலக்கானது உண்மையே. அந்தக் கண்டனத்தைப் புரிந்துகொள்ளவும் முதலில் இச்சொல்லின் சரியான பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தைத் என்பது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுப்பது. விருப்பக் காணிக்கையாக எண்ணிவிட வேண்டாம், ஃபிராங்க் அரசர் சார்லமேனின் காலத்திலேயே அது சட்டக் கடமை ஆகிவிட்டது. சைமனி என்பது திருப்பதவியை விலைக்கு வாங்குவது. திருத்தூதர்களிடம் பணம் கொடுத்து ஆவியின் வல்லமையைக் கேட்ட சீமோனின் பெயரால் வந்தது. யூஷரி என்பது இன்று கொடுவட்டியைக் குறித்தாலும், அன்று கடனுக்குப் பெற்ற எந்த வட்டியையும் குறித்தது. ஹெரசி, அதாவது தப்பறை, வெறும் தவறான கருத்தன்று. திருத்தப்பட்ட பின்னும் பிடிவாதமாக நிற்பது. இன்குவிசிஷன் முதலில் ஒரு விசாரணை முறையின் பெயர். 1230களில் திருத்தந்தை நியமித்த விசாரணையாளர்களையும், 1478இல் தொடங்கிய ஸ்பானிய அரசரின் விசாரணை மன்றத்தையும் ஒரே பக்கத்தில் எழுதக் கூடாது. புல் என்பது ஈய முத்திரையிட்ட திருத்தந்தையின் ஆணைமடல். ‘புல்லா’ என்பது அந்த முத்திரையின் பெயர், காளைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இரு உலகமும் மோதும் சொல்

அடிக்கோடிடச் சொன்ன இன்வெஸ்டிச்சருக்கு வருவோம். ஆயர் ஒருவர் திருச்சபையின் மேய்ப்பர். அதே வேளையில் பரந்த நிலங்களை அரசரிடமிருந்து பெற்று, படைவீரரை அனுப்பக் கடமைப்பட்டவர். அவர் பதவியேற்கும்போது, ஆயர்நிலையின் அடையாளங்களான மோதிரத்தையும் கோலையும் யார் கையிலிருந்து பெற வேண்டும்? அரசர்கள் தாமே கொடுத்து வந்தனர். திருத்தந்தை ஏழாம் கிரகோரி அதைத் தடைசெய்தார். மறுத்த ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி விலக்கத்துக்கு உள்ளாகி, 1077 சனவரியில் கனோசா கோட்டையின் வாயிலில் மூன்று நாட்கள் காத்து நின்றார். 1122இல் வோர்ம்ஸ் உடன்பாட்டில் சடங்கையே இரண்டாகப் பிரித்தார்கள்: மோதிரமும் கோலும் திருச்சபையிடமிருந்து, நிலவுரிமைக்கு அடையாளமான செங்கோல் பேரரசரிடமிருந்து. ‘பதவியளிப்பு’ என்று மட்டும் பெயர்த்தவருக்கு இந்தத் தீர்வின் நுட்பம் தெரியாது. எந்தப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதிவைத்தவருக்கு உடனே தெரியும்.

ஒரு பயிற்சி

இங்கிலாந்து அரசர் ஜானின் எட்டு ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, கீழே வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஏட்டைத் திறந்து நான்கு கேள்விகளையும் கேளுங்கள். 1207இல் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட், ஸ்டீபன் லாங்டனைக் கான்டர்பரிப் பேராயராகத் திருப்பொழிவு செய்தார். அரசர் அவரை நாட்டுக்குள் விட மறுத்தார். 1208 மார்ச்சில் நாடு முழுவதும் வழிபாட்டுத் தடை. குழந்தைகளின் திருமுழுக்கும் இறப்போரின் பாவ அறிக்கையும் மட்டும் அனுமதிக்கப்பட்டன. 1209இல் அரசர் மீதே விலக்கம். 1213இல் ஜான் பணிந்து, இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் திருத்தந்தையிடம் ஒப்படைத்து, ஆண்டுக்கு 1,000 மார்க் பணம் செலுத்தும் வஸ்ஸலாக அவற்றை மானியமாகத் திரும்பப் பெற்றார். 1214இல் தடை நீங்கியது. 1215 சூனில் கிளர்ந்த பிரபுக்கள் அவரை வற்புறுத்தி மாக்னா கார்ட்டா என்ற பட்டயத்துக்கு இணங்க வைத்தனர். ஆகஸ்டில் திருத்தந்தை ஓர் ஆணைமடலால் அதைச் செல்லாததாக்கினார்.

அயல்நாட்டு மன்னரின் பட்டயத்தைத் திருத்தந்தை எப்படிச் செல்லாததாக்கலாம் என்று திகைப்பவர், 1213ஆம் ஆண்டின் ‘வஸ்ஸல்’, ‘மானியம்’ ஆகிய சொற்களைக் கடந்து வேகமாக வாசித்துவிட்டவர். வற்புறுத்திப் பெற்ற இணக்கம் என்பதோடு, மேற்பிரபுவான தம் உரிமைக்கு அதனால் குறை நேர்ந்தது என்பதும் அவருடைய வாதம்.

இன்னும் ஒரு சொல் எஞ்சியிருக்கிறது. சட்டப்படியான தீர்ப்பின்றி எந்தச் ‘சுதந்திர மனிதரும்’ சிறைப்படலாகாது என்று அந்தப் பட்டயத்தின் 39ஆம் பிரிவு கூறுகிறது. அங்கே லத்தீனில் ‘லிபெர் ஹோமோ’ என்று இருக்கிறது. அதை ‘எந்த மனிதரும்’ என்று பெயர்க்கும் முன், முந்தைய பக்கங்களுக்குத் திரும்பி, வில்லன் என்ற உழவர் சட்டத்தின் கண்ணில் ‘லிபெர்’ ஆவாரா என்று பாருங்கள். ஆகமாட்டார், அன்றைய ஆங்கில உழவர்களில் பெரும் பகுதியினர் அந்த ஒரு சொல்லுக்கு வெளியே நின்றார்கள்.